எத்தனை குடித்தனம்?

அத்தியாயம் 9

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் கழுத்தில் கேஸ் கம்பெனி ஆள் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டுப் போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். சீட்டு இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. கட்டியது செவ்வாய்க்கிழமை, கதையில் இப்போது வெள்ளி. உள்ளே இரும்பில் விரிசல், இனிப் பற்றவைத்தால் விஷப்புகை வீட்டுக்குள் வரும் என்று சொல்லி அவர் ஃபர்னஸுக்குப் போகும் கேஸ் குழாயை மூடிவிட்டார். மூன்று நாளாக அந்த வீட்டில் கணப்பு இல்லை.

மில்வாக்கியில் அக்டோபர் கடைசி எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இன்று காலை கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமை இரவு தண்ணீர்க் குழாய்கள் உறையும் அளவுக்கு இறங்கும் என்று ரேடியோ மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில் ரொஸாலி, மாடியில் நார்ப். அக்காவுக்கு அறுபத்து மூன்று, தம்பிக்கு ஐம்பத்தொன்பது. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவன் தபால்காரன், மனைவியைப் பிரிந்து அப்பா வீட்டு மாடிக்குத் திரும்பி வந்தவன். அப்பா விட்டுப்போன வீடும், நிலவறையில் நிற்கும் அந்த ஒரே ஃபர்னஸும்தான் இருவருக்கும் பொது. பேச்சு கிடையாது. இரண்டு வருடம் எட்டு மாதமாகக் கிடையாது.

ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் ரொஸாலி ஒரு சீட்டில் எழுதி வாசல் தபால் பெட்டியில் போடுவாள். ஊருக்கெல்லாம் தபால் கொடுத்துவிட்டு வருகிறவன் கடைசியில் தன் தபாலையும் எடுத்துக்கொண்டு மாடியேறுவான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு இருவரும் போவது ஒரே கடைக்குத்தான். அவள் நாலரைக்குப் போவாள், அவன் ஏழுக்கு. கடையில் பரிமாறும் மார்லிஸ் இதைப் பற்றி ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அக்கா எழுந்துபோன மேஜையைத் துடைத்துத் தம்பிக்கு வைத்திருப்பாள்.

ஏன் இப்படி என்பது வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா நுரையீரல் நோயில் கீழே படுத்திருந்த கடைசிக் குளிர்காலம் அது. அவருக்கு எவ்வளவு சூடும் போதவில்லை. ரொஸாலி கூடத்துச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை எழுபத்தெட்டு ஃபாரன்ஹீட்டில் வைத்து, அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை பற்கள் கிட்டிக்கும் குளிரில் விழித்தாள். கூடத்துக்கு ஓடினால், காலுறையோடு நார்ப் நிற்கிறான். கை தெர்மோஸ்டாட்டின் மேல். முள் ஐம்பத்தைந்தில். ஃபர்னஸ் தானாக நின்றுவிட்டது, அதைக் கிளப்பத்தான் வந்தேன் என்றான் அவன். மாடியில் புழுக்கம் என்று நீதான் குறைத்திருக்கிறாய் என்றாள் அவள். அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியது. பதினோராம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முப்பது பேர் காதில் விழ ரொஸாலி சொன்னாள், அப்பாவைக் குளிரில் விட்டவன் இவன்தான் என்று. நார்ப் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அவ்வளவுதான் கதை.

*

காலை ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தபோது ரொஸாலியின் அடுப்பில் பன்னிரண்டாவது கசகசா ரொட்டி வெந்துகொண்டிருந்தது. சமையலறை சூடாக இருக்கட்டும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து அடுப்பை அணைக்காமல் சுட்டுக்கொண்டே இருக்கிறாள். அந்தத் தெருவில் கசகசா ரொட்டி கிடைக்காத வீடு ஒன்றுதான், அது மாடி.

வந்தவள் பெயர் அதெலா. நாற்பத்தைந்து வயது, கையில் அளவு நாடா, காதில் பென்சில். ஃபர்னஸ், ஏ.சி. பொருத்தும் கம்பெனிகளிலிருந்து வந்த மூன்றாவது ஆள்.

புதன்கிழமை வந்தவன் நேரே நிலவறைக்கு இறங்கி, பழைய ஃபர்னஸின் மேல் ஒட்டியிருந்த அளவு எண்ணைப் படித்து, அதே எண்ணைத் தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு நாலு நிமிடத்தில் போய்விட்டான். வியாழக்கிழமைக்காரன் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் காட்டி, இருப்பதிலேயே பெரியதைப் போடலாம் என்றான். ரொஸாலிக்கு அவனைப் பிடித்துப்போனது. பெரிய பனிப்புயல் வந்த வருடம் அப்பாவும் அப்படித்தான் கடையிலேயே பெரியதை வாங்கி வந்தார்.

அதெலா ஃபர்னஸ் பக்கமே போகவில்லை. ஜன்னல்களை எண்ணினாள். எது வடக்கே பார்க்கிறது, எது ஏரிப் பக்கம் என்று குறித்தாள். சுவரைத் தட்டினாள், உள்ளே குளிர் தடுக்கும் பஞ்சு எத்தனை அங்குலம் என்று குச்சி விட்டுப் பார்த்தாள். எந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்று கேட்டபோது ரொஸாலிக்குச் சுருக்கென்றது. ஃபர்னஸ் விற்க வந்தவளுக்கு என் படுக்கையறை எதற்கு என்று கேட்டேவிட்டாள்.

அதெலா கோபப்படவில்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டே கணக்கைக் காட்டினாள். இந்த வீட்டுக்கு வேண்டியது பழைய ஃபர்னஸில் பாதி அளவுதான்.

"பெருசு போட்டா நல்லதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க மேடம். பெருசு டக்குனு சூடாக்கிட்டு நின்னுடும். அப்புறம் மறுபடி எரியும், மறுபடி நிக்கும். உங்க தெரு பஸ் மாதிரி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிறுத்திக்கிட்டே போனா எஞ்சின் என்னத்துக்காகும்? சின்னது மெதுவா விடாம எரியும். வீடு பூரா ஒரே சூடு."

ஏ.சி.க்கும் அதே கதைதான் என்றாள். பெரிய ஏ.சி. காற்றைச் சட்டென்று குளிரவைத்துவிட்டுத் தூங்கிப்போகும், ஜூலை மாத ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரம் இருக்காது, வீடு குளிர்ந்தும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஏரிக்காற்றே போதும், ஏ.சி. எதற்கு என்று ரொஸாலி முணுமுணுத்தாள். அதெலா மேலே கண்ணைக் காட்டினாள். ஆகஸ்டில் மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். மூன்று ஆகஸ்டுகளாக ரொஸாலி அந்தப் படியே ஏறவில்லை.

பிறகு அதெலா மாடிக்குப் போனாள்; நார்ப்புக்கு அன்று விடுமுறை. அரை மணி நேரம் அங்கே இருந்தாள். இறங்கி வந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் சங்கடம் இருந்தது.

தம்பி இரண்டு ஃபர்னஸ், இரண்டு ஏ.சி. வேண்டும் என்கிறார். மேலே அவருக்குத் தனி, கீழே உங்களுக்குத் தனி என்றாள்.

"அவன் இஷ்டம்," என்றாள் ரொஸாலி. "நானும் அதையேதான் சொல்லப்போறேன்."

அதெலா ஒரு தாளை மேஜையில் வைத்தாள். நகராட்சி அனுமதிக்கான தாள். அதில் ஒரு கட்டத்துக்கு நேரே எழுதியிருந்தது: எத்தனை குடித்தனம்?

ஒன்று என்று எழுதினால் ஒரே ஃபர்னஸ் போடலாம், அதே காற்று மேலும் கீழும் போய்வரலாம். யாரோ தேதியைத் தள்ளிப்போட்டதால் திங்கட்கிழமை ஆட்கள் சும்மாதான் இருக்கிறார்கள், அன்றே வேலை முடிந்துவிடும். இரண்டு என்று எழுதினால் ஒரு குடித்தனத்துக் காற்று இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். குழாயெல்லாம் தனித்தனி, மாடிக்கு வேறு வாசல், முறையான சமையலறை, அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். குறைந்தது ஆறு வாரம். இரண்டு என்று எழுதிவிட்டால் காகிதத்தில் அது இரண்டு வீடு. எந்தப் பாதியை வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் ரொஸாலிக்குப் புரிந்தது. நார்ப் கேட்பது தனி ஃபர்னஸ் இல்லை. அவன் போகப் பார்க்கிறான்.

*

கடைசியாக நிலவறைக்கு இறங்கினார்கள். அதெலா டார்ச்சை அடித்துக் கூரையில் ஓடும் தகரக் குழாய்களை எண்ணினாள். ஃபர்னஸின் முன்தகட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"ஒன்பது குழாய் போகுது மேடம். நாலுலதான் காத்துக்கு வழி. கீழே தரையில காத்து வர்ற மூணு கிராதி மேல ரொட்டி சுடற தட்டைக் கவுத்து, அது மேல கம்பளம் விரிச்சிருக்கீங்க. இங்கே மாடிக்குப் போற குழாயில ரெண்டு மூடியிருக்கு. யார் மூடினது?"

"அது முன்னாடியிலேர்ந்தே அப்படித்தான்," என்றாள் ரொஸாலி.

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரியும், அந்தப் பொய் நிற்காது என்று. முப்பது வருடப் பள்ளிக்கூடப் பழக்கம். உப்பு டப்பாவாக இருந்தாலும் சரி, மிச்ச சூப்பாக இருந்தாலும் சரி, காகித டேப்பை ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதாமல் அவளால் எதையும் வைக்க முடியாது. அதெலா குழாயின் கைப்பிடியிலிருந்து ஒரு துண்டு டேப்பை உரித்து வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தாள்.

"மாடி. மூடியது ஜனவரி பதினாலு."

ரொஸாலி துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அப்பா அறைக்கு இன்னும் கொஞ்சம் சூடு வரட்டும் என்றுதான் மூடினேன் என்று தணிந்த குரலில் சொன்னாள். மாடியில்தான் எப்போதும் சூடு அதிகம் என்று அவன் அலுத்துக்கொள்வான், அதனால் அவனுக்கும் நல்லதுதான் என்று நினைத்தேன் என்றாள்.

எல்லா வீட்டிலும் இதே தப்பைத்தான் பண்ணுகிறார்கள் என்றாள் அதெலா. குழாயை மூடினால் சூடு திறந்திருக்கும் அறைக்குப் போகும் என்று நினைப்பு. போகாது. ஃபர்னஸுக்குள்ளேயே நிற்கும்.

"உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கு மேடம். சூடு தாங்கலைன்னா அது நெருப்பை அணைச்சிடும். ஆறினதும் எரியும், மறுபடி அணைக்கும். நாலஞ்சு தடவை அப்படி ஆச்சுன்னா ஃபர்னஸ் தானாவே பூட்டிக்கும். அப்புறம் தெர்மோஸ்டாட்டை நல்லா கீழே இறக்கி, கொஞ்சம் விட்டு, மறுபடி ஏத்தினாத்தான் எழுந்திருக்கும்."

"கீழே இறக்கியா?"

"ஆமா. அது தெரிஞ்சவங்க அப்படித்தான் கிளப்புவாங்க."

இரவு முழுக்க எழுபத்தெட்டில் வைத்திருந்தால் என்று ரொஸாலி கேட்டாள். அப்படியென்றால் இன்னும் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், இரும்பில் விரிசல் விட்டதும் அதனால்தான் என்றாள் அதெலா. அவளுக்கு இது இன்னொரு வீடு, இன்னொரு ஃபர்னஸ். கையை உயர்த்தி மூடியிருந்த இரண்டு கைப்பிடிகளையும் திருப்பித் திறந்துவிட்டு, நாலு மணிக்கு இருவர் கையெழுத்தையும் வாங்க வருகிறேன் என்று கிளம்பினாள். டேப்பை ரொஸாலியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

*

சமையலறைக்குத் திரும்பிய ரொஸாலி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டி கருகும் வாசனை வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவரோரம் தரைக் கிராதிக்குள்ளிருந்து யாரோ கால்பந்தைப் பற்றிக் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். நார்ப்பின் ரேடியோ. அதை அடுத்து ஒரு இருமல்.

சின்ன வயதில் இந்தக் குழாய்தான் அவர்களுக்கு டெலிபோன். அவள் இங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டு பேசுவாள், அவன் மாடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு பதில் சொல்வான். அம்மா, சுவரோடு என்னடி பேச்சு என்பாள். ஜனவரி பதினாலோடு அதுவும் அடைபட்டுப் போயிருந்தது. ரொஸாலி அதை இத்தனை நாள் கவனிக்கக்கூட இல்லை.

அவள் ஒரு சீட்டு எடுத்து எழுத ஆரம்பித்தாள். மூன்று வரி எழுதிக் கிழித்தாள். கருகாத ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஆறாவது படியில் நின்றாள். போய்க் கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்து, என்னவென்று சொல்வது? முப்பது பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? ரொட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

எனக்கு ரொஸாலியின் மேல் எத்தனையோ வருத்தம் உண்டு. இந்தத் தொடரில் அவளை நான் விட்டுவைத்ததே இல்லை. ஆனால் அன்று மூன்றரை மணிக்கு அவள் செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. வலிக்கும் முட்டியோடு அவள் தரையில் மண்டியிட்டாள். முகத்தைக் கிராதிக்கு அருகில் கொண்டுபோனாள்.

"நார்ப். இருக்கியா?"

ரேடியோ நின்றது.

"ஜனவரி பதினாலு. மாடிக் குழாய் ரெண்டையும் நான்தான் மூடினேன். அதனாலதான் அன்னிக்கு ஃபர்னஸ் தானா நின்னுடுச்சு. நீ அதைக் கிளப்பத்தான் வந்திருக்கே. நீ சொன்னே, நான் நம்பல. உன்னைப் பத்தி அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொன்னேன்."

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் இருப்பது யாருக்கும் தெரியாது, டேப்பிலும் எழுதியில்லை. ஆனாலும் சொன்னாள்.

"போன குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே நீ ஷூ போட்டு நடந்த சத்தம் கேட்டுச்சுடா. மேல குளிருதுன்னு புரிஞ்சுது. குழாயை மூடினது ஞாபகமும் வந்துச்சு. திறக்கலாம்னு நிலவறைப் படி வரைக்கும் போனேன். குளிரட்டும்னு திரும்பி வந்துட்டேன். நாள் பூரா பனியில நடந்துட்டு வர்றவன் நீ. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அவள் அழுதாள். மூக்கை மேலாடையில் துடைத்துக்கொண்டாள். மேலே நாற்காலி நகரும் சத்தம், பிறகு யாரோ சிரமப்பட்டுத் தரையில் உட்காரும் சத்தம். நார்ப்பின் குரல் இவ்வளவு பக்கத்தில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"கேட்டுச்சு. காலையிலேயே கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அந்தப் பொண்ணு கீழே தகட்டைக் கழட்டினதும் திறந்திருக்கிற குழாய் வழியா எல்லாம் மேல வந்துடுச்சு. டேப்பைப் படிச்சது, ஸ்விட்ச் கதை, எல்லாம். முன்னாடியிலேர்ந்தே அப்படித்தான்னு நீ சொன்னதும் கேட்டுச்சு. நீயா வந்து சொல்றியான்னு பாக்கலாம்னு உட்கார்ந்திருந்தேன். நாலு மணி வரைக்கும். சொல்லலைன்னா ரெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன், அக்கா."

ரொஸாலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாகப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அதைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உலுக்கியது. அதை அவள் கேட்டு எத்தனை நாளாகிறது!

"ஷூவைப் பத்தி மட்டும் எனக்குத் தெரியாது," என்றான் நார்ப். "அது கஷ்டமா இருக்கு. சும்மா சொல்லமாட்டேன். ஆனா நானும் ஒரு வார்த்தை வந்து குளிருதுன்னு சொல்லியிருக்கலாம். உன்கிட்ட கேக்கறதுக்கு விறைச்சுப் போறதே மேல்னு இருந்துட்டேன்."

"படியில ரொட்டி வெச்சிருக்கேன்," என்றாள் ரொஸாலி. வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாசனை வந்துச்சு. நாலு நாளா அந்த வாசனையிலதான் உட்கார்ந்திருக்கேன், ஒரு துண்டு குடுக்க மனசு வந்துச்சா உனக்கு?"

*

நாலு மணிக்கு அதெலா வந்தபோது நார்ப் உள்படி வழியாகக் கீழே இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். ரொஸாலி அவனைப் பார்த்தும் பார்க்காமலும் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. ஜன்னல் வழியாக முதுகைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறாள்.

ஒன்று என்று எழுதினால் என்ன போடுவாய் என்று நார்ப் கேட்டான். அதெலா விளக்கினாள். ஒரே ஃபர்னஸ், ஆனால் தேவைக்கேற்பக் குறைவாகவும் கூடுதலாகவும் எரிவது. அதன் விசிறியும் அப்படியே மெதுவாகவும் வேகமாகவும் சுற்றும். வெளியே ஒரே ஏ.சி. கீழே ஒரு தெர்மோஸ்டாட், மேலே ஒரு தெர்மோஸ்டாட். எந்தத் தளம் கேட்கிறதோ அந்தத் தளத்துக்குக் குழாயின் கதவு திறக்கும்.

"அந்தக் கதவைக் கையால யாரும் மூட முடியாதில்ல?"

"முடியாது. மோட்டார்தான் திறந்து மூடும்."

"டேப் ஒட்டலாமா?" என்று கேட்டுவிட்டு நார்ப் அக்காவைப் பார்த்தான். ரொஸாலி துடைப்பதை நிறுத்தினாள். மூன்று வருடத்தில் அந்தச் சமையலறையில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆனாலும் தாளில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. ஒரு விஷயம் பேசவேண்டியிருக்கிறது, கொஞ்சம் நேரம் வேண்டும் என்றான் நார்ப். கிடங்கை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள், அதற்குள் சொன்னால்தான் திங்கட்கிழமைக்குச் சாமான் வரும் என்றாள் அதெலா. ஆறு மணிக்கு எங்கே இருப்பாய் என்று அவன் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை எல்லோரும் எங்கே இருப்பார்களோ அங்கேதான், மீன் கடையில் என்றாள்.

நாலரையும் இல்லை, ஏழும் இல்லை. ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது. நார்ப் நடையில் வேகம் அதிகம், தபால்காரன் அல்லவா. முதல் தெருமுனையில் திரும்பிப் பார்த்துவிட்டு அக்காவின் முட்டிக்காக நடையைக் குறைத்துக்கொண்டான்.

கடையில் அவர்கள் சேர்ந்து நுழைந்ததை மார்லிஸ் பார்த்தாள். அதே மேஜையில் இரண்டாவது நாற்காலியை இழுத்துப்போட்டாள். இரண்டு பிராந்தி வந்தது. கறுப்பு ரொட்டி வந்தது. வறுத்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் வந்தது. மூன்று மேஜை தள்ளிக் கணவனோடும் இரண்டு பெண்களோடும் அதெலா உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் இவர்கள் மேல். தாள் ரொட்டிக்கூடைக்கு அடியில் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு ஒருத்தர் மாடியைப் பாக்க வர்றார்," என்றான் நார்ப், தட்டைப் பார்த்துக்கொண்டே. "வாங்கறதுக்கு. புதன்கிழமை நான்தான் வரச்சொன்னேன். சம்மதம்னு கை குடுத்துட்டேன்."

ரொஸாலியின் முள்கரண்டி பாதியில் நின்றது. இதற்குத்தான் அவன் நேரம் கேட்டானா? யார் அது என்று கேட்டாள்.

"யாருன்னு சொன்னா நீ இந்த மீனைத் தொடமாட்டே. முதல்ல சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். அவன் இஷ்டம் என்று காலையில் சொன்ன அதே வாய்தான். போகாதே என்று இப்போது சொல்ல அதற்குத் தைரியம் வரவில்லை. சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறதா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. எதிரே நார்ப் தன் அடையில் பாதியைப் பிய்த்து, கேட்காமலேயே அவள் தட்டில் வைத்தான். சின்ன வயதில் அவளுக்குப் பிடித்த, ஓரம் முறுகிய பாதி.

மணி ஆறே கால். மார்லிஸ் மேஜையருகே வந்து சின்ன நோட்டைத் திறந்தாள். மூன்று வருடப் பழக்கம், வாயில் தானாகவே வந்துவிட்டது.

"ரெண்டு பில்தானே?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரொஸாலி தம்பியைப் பார்த்தாள். நார்ப் மார்லிஸின் கையிலிருந்த பேனாவை வாங்கினான். ரொட்டிக்கூடையை நகர்த்தித் தாளை வெளியே எடுத்து, பிசுக்கு விரலை மேஜைத் துணியில் துடைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். பேனாவை அக்காவிடம் நீட்டினான்.

"ஒண்ணு போதும், மார்லிஸ்," என்றான்.

ரொஸாலி கையெழுத்துப் போட்டாள். பழக்கதோஷம், பக்கத்தில் தேதியும் எழுதினாள். அதெலா எழுந்து வந்து தாளை எடுத்துப் பார்த்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

அவள் போனதும் ரொஸாலி காலித் தட்டை மேஜை நடுவுக்குத் தள்ளினாள்.

"மீன் தீந்துபோச்சு. இப்ப சொல்லு. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு யார் வர்றா?"